அருகிருப்பு: 41 நிமிடம்

நான் இதுவரை ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ராக் பேண்டுகளைக் கலைத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் செய்தாக வேண்டிய ஆபீஸ் வேலை அது. தரமணியில் நான்காவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து நான் செய்து வந்தேன்.

பேண்ட் என்றதும் நாலு பையன்கள் மொட்டை மாடியில் டிரம்ஸ் அடித்துப் பக்கத்து வீட்டில் திட்டு வாங்குவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது பேண்டுகளை எந்திரம் செய்கிறது, சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். எஞ்சினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்ட கரகரப்புக் குரல்காரன். வாயே திறக்காத டிரம்மர். சிரிக்காத கிடார் பெண். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே செத்துப்போன ஒரு நண்பன். முதல் பாட்டில் அப்பாவைத் திட்ட வேண்டும், இரண்டாவதில் ஊரை விட்டு வர வேண்டும், மூன்றாவதில் செத்தவன் வருவான். மூன்றாவது பாட்டுக்கு அழாத ஒரு ஆளை நான் புள்ளிவிவரத்தில் பார்த்ததே இல்லை.

இப்படிச் செய்த ஒரு முழு பேண்டுக்கு எங்கள் பாஷையில் உருப்படி என்று பெயர். ஒரு உருப்படி நூற்றுக்கணக்கான பெயர்களில் 'செவி' என்கிற எங்கள் செயலி வழியாகப் போகும். கேட்பவர் மதுரைக்காரர் என்றால் பாடகன் உசிலம்பட்டிக்காரன், வேலூர் என்றால் ஆம்பூர்க்காரன். முகம் மாறும், பெயர் மாறும், பாட்டு மட்டும் அதே பாட்டு.

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் தலைவர் சம்பந்தத்திடம் கேட்டேன், "ஏன் சார் ஆளுக்கொரு பேரு? ஒரே பேர்ல ஊர் பூரா போஸ்டர் ஒட்டிட்டா முடிஞ்சுதே?"

"ஊரே கேக்கிற பாட்டு வேணும்கிறவன் கல்யாண வீட்டு ஸ்பீக்கர்கிட்ட போய் நிப்பான்யா," என்றார் அவர். "ராக் கேக்கிறவனுக்கு வேண்டியது வேற. 'இது எனக்கு மட்டும்தான் தெரியும்'னு ஒரு நெனப்பு இருக்கு பாரு, அதைத்தான் நாம விக்கிறோம். விளம்பரமே கூடாது. ஆட்டோல போறப்ப பன்னெண்டு செகண்ட் காதுல விழணும். டீக்கடை சுவத்துல பாதி கிழிஞ்ச நோட்டீஸ் இருக்கணும். தானே கண்டுபிடிச்சதா நினைச்சவன் சாகிற வரைக்கும் விடமாட்டான்."

"சரி சார், ஒரே உருப்படியைக் கேக்கிற ரெண்டு பேரு சந்திச்சுக்கிட்டா?"

"சந்திச்சா என்ன ஆகும்? உன் ஆளும் செத்துட்டானா, என் ஆளும் செத்துட்டான்னு பேசுவாங்க. பாட்டைப் போட்டுப் பார்ப்பாங்க. நம்ம குட்டு உடைஞ்சு போயிடும். அதுக்குத்தான்யா உன்னை எடுத்திருக்கு."

ஒரே உருப்படியைக் கேட்கும் இரண்டு பேர் தினமும் அருகருகே இருந்தால் செவிக்குத் தெரிந்துவிடும். பேசிக்கொள்வார்கள் போலத் தெரிந்தால் கோப்பு ஒன்று எங்கள் மேஜைக்கு வரும். அதில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, பேண்ட் பெயரும் இருக்காது. கேட்பவர் அ, கேட்பவர் ஆ, உருப்படி எண், அவ்வளவுதான். இருவரில் ஒருவருக்கு அவருடைய பேண்ட் கலைந்துபோனதாக நான் ஒரு பிரிவுக் கடிதம் எழுதவேண்டும். மற்றவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கடிதம் போன நிமிடமே, 'உறுப்பினர்களின் வேண்டுகோளின்படி' என்ற ஒரு வரியோடு பாட்டுகள் காணாமல் போய்விடும். பதினாறாம் நாள் அவருக்குப் புது பேண்ட் ஒன்று தற்செயலாக அகப்படும். ஆபீசில் அந்தப் பதினாறாம் நாளைக் காரியம் என்போம். நாங்களும் மனுஷர்கள்தானே, ஏதாவது சொல்லிச் சிரித்தால்தான் வேலை ஓடும்.

பக்கத்து நாற்காலி தமயந்தியும் கடிதம் எழுதுகிறவள். அவளுக்கென்று ஒரு வரி உண்டு. எந்தக் கடிதத்தை எழுதினாலும் கடைசியில், 'கதவைச் சாத்திட்டுத்தான் போறோம், பூட்டல' என்று முடிப்பாள்.

"ரெண்டாயிரம் கதவு சாத்தியாச்சு, இன்னுமா அதே வரி?" என்பேன்.

"உங்க லட்சணம் மட்டும் என்னவாம்? 'வெறும் வயித்துல படுத்துடாதீங்க.' பேண்ட் கலையிறப்ப எவனாவது சாப்பாட்டைப் பத்திப் பேசுவானா?"

பேசமாட்டான்தான். ஆனால் அந்த வரிக்குத்தான் ஆட்கள் அதிகம் அழுகிறார்கள் என்று புள்ளிவிவரம் சொன்னது. கோப்புகளைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும் என்பதால் இந்தக் கேலியோடு நிறுத்திக்கொள்வோம். தமயந்தியைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது.

நான் இருந்தது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். இரண்டாம் மாடி, இரண்டு கட்டில், இரண்டு பக்கெட், ஒரு ஜன்னல். இன்னொரு கட்டில் ஞானதிரவியத்துடையது. விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் அவருக்கு நிரந்தர இரவு வேலை. நான் போனால் அவர் வருவார், அவர் போனால் நான் வருவேன். காலையில் மட்டும் கொஞ்ச நேரம் இருவரும் அறையில் இருப்போம். அவர் பெயரைக்கூட ஒரு கூரியர் உறை மேல் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடமாக அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார்.

வரும்போது பிளாஸ்டிக் பையில் பார்சல் டீ வாங்கி வருவார். தன் டம்ளரில் பாதியை ஊற்றிவிட்டு மீதியை என் டம்ளரில் ஊற்றுவார். "தேங்க்ஸ் சார்" என்பேன். "இருக்கட்டும் சார்" என்பார். பிறகு இருவரும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வோம். மேன்ஷனில் ஒரு மரியாதை உண்டு, பக்கத்துக் கட்டில்காரனிடம் எதையும் தோண்டித் துருவக் கூடாது. நாங்கள் இருவரும் அந்த மரியாதையில் ஊறியவர்கள்.

இயர்போனில் நான் கேட்டது 'பழைய எண்' என்ற பேண்டை. சிரிக்காதீர்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மா இல்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கின இடத்தில், சுவரில் பாதி கிழிந்த நோட்டீசில் அதன் பெயரைப் பார்த்தேன். பாடகன் விருத்தாசலத்துக்காரன், எனக்கு ஸ்ரீமுஷ்ணம். மூன்றாவது பாட்டில் செத்துப்போன நண்பன் வந்தான். எல்லாம் எங்கள் சூத்திரம்தான், எனக்கு அது மனப்பாடம். இருந்தாலும் இது நிஜமான பேண்ட், என் கண்ணில் மட்டும் தானாகப் பட்டது என்றே நம்பினேன். எனக்கு அது தேவையாக இருந்தது. சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. அந்தக் கரகரக் குரல் என்னோடு பேசுவதாகத் தோன்றும்.

அவர்களுடைய இரண்டாவது பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

'கதவுல பழைய நம்பர் இன்னும் இருக்குது
கடுதாசி மட்டும் வர மாட்டேங்குது'

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு என் மேஜைக்கு அந்தக் கோப்பு வந்தது. உருப்படி 17. அருகிருப்பு நாளொன்றுக்கு 41 நிமிடம். பேசிவிடும் வாய்ப்பு 71 விழுக்காடு. காரணம், கேட்பவர் அ வாய்விட்டு முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறார். நடவடிக்கை, ஆ-வைப் பிரிக்கவும், அ தொடர்வார். எழுபத்தொன்று கொஞ்சம் அதிகம்தான். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் யாரோ இரண்டு பேர் பேசியிருப்பார்கள்.

இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். நன்றாகவே வந்தது. குரல்காரனுக்கும் டிரம்மருக்கும் சண்டை இல்லை, சும்மா களைத்துப்போய்விட்டார்கள் என்று எழுதினேன். வழக்கமான வரியோடு முடித்துவிட்டுக் கேண்டீனில் லெமன் சாதம் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை ஞானதிரவியம் டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் போனில் செவி மணியடித்தது. 'பழைய எண்' கலைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை, களைத்துப்போய்விட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி, 'வெறும் வயித்துல படுத்துடாதீங்க.'

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். என்னிடம் அதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் அதை ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பாட்டுகள் போய்விட்டன. என் கையாலேயே நான் அழித்துவிட்டேன்.

டீயைக் குடிக்காமல் பறக்கும் ரயிலுக்கு ஓடினேன். கோட்டூர்புரம் தாண்டும்போது மண்டையில் உறைத்தது. ஆ நான் என்றால், அ யார்? ஆபீசில் என் பக்கத்தில் எட்டு மணி நேரம் இருப்பார்கள், அது 41 நிமிடம் இல்லை. ரயிலில் தினமும் ஒரே ஆள் பக்கத்தில் உட்காருவதில்லை. ஞானதிரவியம் ஆறு பத்துக்கு அறைக்குள் வருவார். நான் ஆறு ஐம்பத்தொன்றுக்குச் செருப்பை மாட்டுவேன். விரல் விட்டு எண்ணினேன், நாற்பத்தொன்று.

இத்தனை நாளாக ஆறடி தூரத்தில் ஒரு மனிதர் என் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அறைக்கே திரும்பிவிடலாமா என்று இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷம் வடிந்துபோனது. நான் வாய் திறந்தால் செவிக்குத் தெரிந்துவிடும். உடனே இன்னொரு கோப்பு வரும், அவருடைய பேண்டும் கலையும். என்னிடம் இல்லாமல் போனது அவரிடமாவது இருக்கிறது. அவருடன் பேசவேண்டும் என்ற என் ஆசைக்காக அதையும் பிடுங்குவதா? கூடாது என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தியாகம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காதில் வெறும் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. மின்விசிறிச் சத்தத்துக்குக் கீழே, டம்ளரைக் கழுவியபடி, 'கதவுல பழைய நம்பர் இன்னும் இருக்குது' என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். அடுத்த வரி என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏழெட்டு நாள் கழித்து அவரே கேட்டார். டீயை ஊற்றிவிட்டு, கட்டிலுக்குப் போகாமல் நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க பாட்டு கீட்டு ஏதும் கேப்பியளா?"

"இல்ல சார். நமக்கு அதெல்லாம் பழக்கமில்ல. நியூஸ்தான்."

"ஓ, நியூஸா. சரி சரி." டம்ளரைப் பார்த்தார். "சும்மாதான் கேட்டேன்."

அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். அவருக்கு நல்லதுதானே செய்தோம், பிறகு ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கவில்லை.

அடுத்த வாரம் அவர் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலி பண்ணுதேன் சார். எங்க ஊரு தூத்துக்குடி ஹார்பர்லயே ஒரு வேலை அமைஞ்சிருக்கு."

"நல்லது சார். சொந்த ஊர் வேற."

"என்ன செய்ய, இங்க பேச்சுத் துணைக்குக்கூட ஒரு ஆள் இல்ல." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, உங்களைச் சொல்லல சார்."

என்னைத்தான் சொன்னார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது, ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவர் காதில் அந்தப் பாட்டு இருக்கும். மறுநாள் அவர் போனார். நான் கைகொடுத்து "வாங்க சார்" என்றேன். போகிறவரை வாங்க என்றதைக்கூட ரயிலில்தான் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்தேன். அவர் பக்கத்து அலமாரி காலியாக இருந்தது. தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை எடுத்துப் போடலாம் என்று உருவினால், அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தது, மடிப்பு நைந்திருந்தது.

'உப்பளம்' பேண்ட் கலைகிறது என்று ஆரம்பித்திருந்தது. பாடகன் ஆத்தூர்க்காரன், தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். இத்தனை நாள் கேட்டதற்கு நன்றி. கடைசி வரி, 'கதவைச் சாத்திட்டுத்தான் போறோம், பூட்டல.'

மேலே தேதி இருந்தது. எனக்குக் கடிதம் வந்த அதே புதன்கிழமை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே அவருக்கும் போய்விட்டதா? அப்படியென்றால் பதினைந்து நாளாக அவர் காதில் இருந்ததும் வெறும் இயர்போன். பாட்டு போன பிறகு, நினைவில் இருந்த ஒரு வரியைத்தான் தினமும் முணுமுணுத்திருக்கிறார். அடுத்த வரியை யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்றுதான் என்னிடம் வந்து நின்றிருக்கிறார். நான் நியூஸ் கேட்பதாகச் சொன்னேன்.

மறுநாள் தமயந்தி பையை வைப்பதற்குள் கேட்டேன், "ரெண்டு வாரம் முன்னாடி செவ்வாய்க்கிழமை, நீங்க பதினேழுக்கு லெட்டர் எழுதினீங்களா?"

"கோப்பைப் பத்திப் பேசக் கூடாதுன்னு தெரியும்ல?" சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"தெரியும். எழுதினீங்களா?"

"எழுதினேன். அருகிருப்பு நாப்பத்தொண்ணு. அ-வைப் பிரிக்கச் சொல்லியிருந்துது."

"ஆ?"

"ஆ தொடர்வார்னு போட்டிருந்துது. எப்பவும் ஒருத்தரை விட்டுடுவோமே."

என் கோப்பில் அ தொடர்வார் என்று இருந்ததைச் சொன்னேன். அவள் தன் கோப்பைத் திரையில் திறந்து காட்டினாள். ஒரே கோப்பை, பிரிக்கவேண்டிய ஆளை மட்டும் மாற்றி, இரண்டு மேஜைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரையாவது விட்டுவைத்தோம் என்று இருவரும் நிம்மதியாகச் சாப்பிடப் போக வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

"அப்போ நான் எழுதின எல்லாத்துலயுமா? ரெண்டு பேருக்குமா?" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல போய் அந்த மனுஷனுக்குப் போனைப் போடுங்க" என்றாள். யாரென்று நான் சொல்லவே இல்லை, அவளாகவே ஊகித்துவிட்டாள்.

போன் போடலாம், நம்பர் வேண்டுமே. அரை நாள் லீவு சொல்லிவிட்டு மேன்ஷனுக்கு வந்து மேனேஜர் உசேன் பாயிடம் கேட்டேன்.

"அவரு நம்பரா? போறப்ப அவரும் ரிஜிஸ்டரப் பாத்து உங்க நம்பர எழுதிக்கினு போனாரே," என்றார். "மூணு வருஷமா ஒரே ரூம்ல இருந்துட்டு ரெண்டு பேர்கிட்டயும் நம்பர் இல்லியா? நல்லா குடித்தனம் பண்ணீங்கபா."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நம்பரை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"யாரு?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. சார் என்று ஆரம்பித்தால் பழையபடி அங்கேயே நின்றுவிடும் என்று பயந்தேன். எனக்குப் பாட வராது. இருந்தாலும் பாடினேன், "கதவுல பழைய நம்பர் இன்னும் இருக்குது."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கடுதாசி மட்டும் வர மாட்டேங்குது," என்றார். ராகம் என் ராகத்தோடு சேரவே இல்லை. "சார், நீங்களா?"

"பூவராகன்," என்றேன். "என் பேரு பூவராகன்."

"தெரியும் சார். ரிஜிஸ்டர்ல பார்த்தேன். போன் பண்ணுவமா வேண்டாமான்னு நேத்துல இருந்து நம்பரையே பார்த்துக்கிட்டு இருக்கேன். நீங்கதான் பாட்டே கேக்கிறதில்லன்னியளே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை, கோப்பு, கடிதம், நான் சொன்ன பொய். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. "அப்போ அந்த டிரம்மரு செத்துப்போன தோஸ்துக்காகத்தான் பேசாம இருக்கான்னு போட்டிருந்ததெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். அதுவும் பொய்தான் என்றேன். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்போது என் போனில் செவி மணியடித்தது. மறுமுனையிலும் அதே மணி கேட்டது. நாள் கணக்குப் பார்த்தேன், பதினாறாம் நாள். எங்களுக்கு இடையில் அறுநூறு கிலோமீட்டர் இருப்பதால் இனி நாங்கள் சந்திக்கவே மாட்டோம் என்று எந்திரம் முடிவு கட்டியிருக்கிறது.

"ஏதோ புதுசா ஒரு பேண்டு காட்டுது," என்றார். "'முத்துநகர் மெயில்'னு பேரு. பாடகன் ஏரல்காரனாம்."

"எனக்கு 'நெய்வேலி ஷிப்ட்'. பண்ருட்டிக்காரன்."

"போட்டுப் பார்ப்போமா?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்தான் எண்ணினார். இரண்டு போனிலும் அழுத்தினோம். இரண்டிலும் ஒரே கரகரக் குரல் ஒரே வரியில் ஒரே அப்பாவைத் திட்ட ஆரம்பித்தது. அவர் பக்கம் அரை நொடி பிந்தி வந்தது. முதலில் யார் சிரித்தது என்று ஞாபகமில்லை. ஞானதிரவியம் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். பெரிய சத்தமாகச் சிரிப்பார்.

"சார், டீ குடிச்சாச்சா?" என்று கேட்டார்.

எதிர்க் கட்டில் காலியாகத்தான் இருந்தது. இன்னும் இல்லை என்றேன்.